மஞ்சள் வாலாட்டி: பங்குனி வரை பொறுத்திருங்கள்

சம்பா நடவுக்குச் சேறடிக்கும் புரட்டாசியில் மஞ்சள் வாலாட்டிகள் நம் வயல்களுக்கு வரத் தொடங்கும். வரப்போரம் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும், நொடிக்கொருதரம் வாலை ஆட்டும் இந்தக் கூட்டத்தில் எல்லாமே ஒரே சீமையிலிருந்து வந்தவை அல்ல. ஸ்காண்டிநேவியாவின் வடபகுதியிலும் சைபீரியாவிலும் கூடு கட்டும் துணையினம் ஒன்று. கஜகஸ்தான் புல்வெளியில் பிறந்த பீமா துணையினம் இன்னொன்று. இதை 1832இல் சைக்ஸ் என்பவர் தக்காணத்துப் பறவைகளைக் கொண்டு விவரித்தார்.

முதலில் இனத்தை உறுதி செய்யுங்கள். வளர்ந்த மஞ்சள் வாலாட்டியின் முதுகு ஆலிவ் பச்சை. முதுகு சாம்பலாக இருந்து, சிறகில் இரண்டு அகலமான வெள்ளைப் பட்டைகளும் தெரிந்தால் அது எலுமிச்சை வாலாட்டி, வேறு இனம்.

துணையினம் பிரிக்க ஆணின் தலைதான் ஆதாரம். வடக்கத்தியதற்கு உச்சந்தலை அடர்சாம்பல், காதோரம் ஏறக்குறைய கறுப்பு. புருவக் கோடு பெரும்பாலும் இராது. பீமாவுக்குத் தலை வெளிர்சாம்பல். அலகடியில் தொடங்கிக் கண்ணைத் தாண்டிப் போகும் தடித்த வெள்ளைப் புருவம் உண்டு, கன்னத்தின் கீழும் வெள்ளை. உச்சி முதல் பிடரி வரை பளபளக்கும் கறுப்பென்றால் கருந்தலை வாலாட்டி. அதன் குரலும் மற்றவற்றைவிடக் கரகரப்பு.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த அடையாளங்களை நம்பிப் பயனில்லை. அப்போது ஆண்களும் மங்கிக் கிடக்கும். பெண்களும் இளம் பறவைகளும் எல்லாத் துணையினங்களிலும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த மாதங்களில் குறிப்பேட்டில் ‘மஞ்சள் வாலாட்டி’ என்று மட்டும் எழுதுவதே சரியான பதிவு. ஊர் திரும்புமுன் தலையிலும் உடலிலும் இறகு மாற்றிக்கொள்ளும்போதுதான் நிறம் தெளியும். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. இறகு பாதி மாறிய வடக்கத்திய ஆணிடம் பழைய வெளிர்ப் புருவம் மிச்சமிருக்கும். அவசரப்பட்டால் பீமா என்று எழுதிவிடுவோம். புருவத்தை விட்டுக் காதோரத்தைப் பாருங்கள்: அது இருண்டிருந்தால் பீமா அல்ல. இனப்பெருக்க எல்லைகள் உரசும் இடங்களில் கலப்பும் நடப்பதால், சில பறவைகள் எந்தப் பெயருக்குள்ளும் அடங்கமாட்டா.

பங்குனியில் ஏரி வற்றி, ஈரப் புல்லில் மாடுகள் மேயும் இடம் தேடிப் போங்கள். மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காக வாலாட்டிகள் அங்கே கூடும். தலையைப் பக்கவாட்டில், தொண்டையும் விழும்படி படமெடுங்கள். பறந்தெழும்போது குரலைப் பதிவு செய்யுங்கள். சித்திரை நடுவுக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.