வன்னிச்சியும் வரலாறு எழுதினோரும்

பண்டாரவன்னியன் பெயரை அறியாத சிறுவர் வன்னி நாட்டில் இலர். 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை வெளியேற்றியதும், அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் என்பான் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் தடையின்றி ஒப்புவிக்கும் செய்திகள். தம் வெற்றியைக் குறிக்க ஆங்கிலேயர் அங்கே ஒரு கல்லை நாட்டினர். வன்னியனைப் புகழ்வதற்காக நாட்டிய கல் அன்று அது. எனினும் அவன் பெயரைப் பல தலைமுறைகளுக்குக் காத்துத் தந்தது அந்தக் கல்லே. பிற்காலத்தார் வவுனியாவில் அவனுக்குச் சிலையும் எடுத்தனர்.

அவனுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே மண்ணில் அந்நியரை எதிர்த்து நின்ற ஒரு பெண்மணிக்குக் கல்லும் இல்லை, சிலையும் இல்லை. 1782ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வன்னியைத் தம் நேராட்சியின்கீழ்க் கொணர முற்பட்டபோது, அவர்களை எல்லாரினும் உறுதியாக எதிர்த்தவள் மரியா செம்பாத்தே என்னும் வன்னிச்சி என்றும், அவளைச் சிறைபிடித்துக் கொழும்புக் கோட்டையில் அடைத்து வைக்க நேர்ந்தது என்றும் சேர் எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் எழுதிச் சென்றார். அவளுக்கு அவர் ஒதுக்கிய இடம் ஒரே ஒரு வாக்கியந்தான்.

அரச குலத்துப் பெண்டிரைப் பற்றி வரலாற்றேடுகள் கூறுவதை எவ்வாறு படிப்பது என்னும் வினாவை இந்த ஒரு வாக்கியம் எழுப்புகின்றது. இதற்கு விடை காண்பதற்கு இங்கிலாந்து அரசியர் சிலரின் கதை பெரிதும் உதவும். அந்நாட்டில் ஏடுகள் ஏராளம். எந்தப் பழியை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதை அங்கே நாள் குறித்தே காட்டலாம்.

தியூடர் மரபைச் சேர்ந்த முதலாம் மேரி 1553 முதல் 1558 வரை ஆண்டாள். அவ்வைந்தாண்டுகளில் ஏறத்தாழ முந்நூறு புரொட்டஸ்தாந்தர் தீயிலிடப்பட்டனர். அவருள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் பெண்கள். இதனை மறைப்பார் எவருமிலர், மறைத்தலும் ஆகாது. ஆனால், 'குருதி மேரி' என்னும் பெயர் அவளுக்கு மட்டும் எவ்வாறு ஒட்டியது? அவள் தந்தை எட்டாம் ஹென்றி கொல்வித்தவர் தொகை சிறிதன்று. அவள் தங்கை எலிசபெத்து 1569இல் வடபுலத்தில் எழுந்த கிளர்ச்சியின் பின்னர்ப் பல நூற்றுவரைத் தூக்கிலிட்டாள். அவர்களுக்கு இத்தகைய அடைமொழி வாய்க்கவில்லை. காரணம் வெளிப்படை. தீயில் மாண்டோரின் வரலாற்றை ஜோன் பொக்ஸ் என்பவர் 1563இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அப்போது ஆட்சியில் இருந்தவள் எலிசபெத்து. 1571இல் அந்நூல் பேராலயந்தோறும் வைக்கப்படுமாறு கட்டளையும் பிறந்தது. தோற்ற பக்கத்தின் கதையை வென்ற பக்கம் ஆலயத்தில் வைத்துப் படித்தது. பெண்ணரசிக்கும் ஆணரசனுக்கும் அதிகாரம் ஒன்றே என 1554இல் சட்டம் செய்தது மேரியின் காலத்துப் பாராளுமன்றம். அந்த உரிமையின்மேல் நின்று நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்டவள் எலிசபெத்து. இதனை நினைப்போர் சிலரே.

எலிசபெத்தின் தாய் ஆன் பொலினின் கதை இதற்கு நேர்மாறானது. அவள் 1536ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் தலை வெட்டுண்டாள். அவளுக்கு ஒரு கையில் ஆறு விரல்கள் இருந்தன என்னும் செய்தி நிக்கலஸ் சான்டர் எழுதி 1585இல் அச்சான நூலால் பரவியது. அவள் இறந்தபோது சான்டருக்கு வயது ஆறு அளவில் இருக்கும்! அவர் எலிசபெத்தின் ஆட்சிக்கு அஞ்சிப் பிற நாட்டில் வாழ்ந்த கத்தோலிக்கர். மகள்மேல் கொண்ட பகை தாயின் கையில் விரலாக முளைத்தது.

ஸ்ருவட் மரபின் கடைசி அரசியாகிய ஆனை (1702 - 1714) மந்தமதி படைத்தவள், தோழியர் ஆட்டுவித்தபடி ஆடியவள் என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். இதற்கு ஊற்றாயிருந்தவை பெரும்பாலும் அவளால் விலக்கப்பட்ட தோழி, மார்ல்பரோக் கோமகள் சாரா, 1742இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள். பதினேழு முறை கருவுற்றும் தன்னை விஞ்சி வாழ ஒரு பிள்ளையில்லாதவள், நோயுற்ற உடம்பினள், அவள் ஆட்சியில்தான் 1707இல் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் ஒரே இராச்சியமாயின. வேலையிழந்தவரிடம் நற்சான்றிதழ் கேட்பதைப் போன்றது சாராவின் நூலைக்கொண்டு ஆனை மதிப்பிடுவது.

தமிழகமும் இவ்வகையில் பின்தங்கியதன்று. அதே காலத்தில் மதுரையில் பேரனுக்காக ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாள் சாலைகளை அமைத்தாள், சத்திரங்களைக் கட்டினாள். அவள் பெயரால் வழங்கும் சாலைகள் இன்றும் உள. ஆனால், இடக்கையால் வெற்றிலை மென்ற பாவந் தீரவே அவள் அந்த அறங்களைச் செய்தாள் என்று ஒரு கதை கட்டி வைத்துவிட்டனர். அரசன் ஒருவன் சாலை போட்டால் அவன் கொடைவள்ளல். அரசி போட்டால் அது கழுவாய்.

இனி இலங்கைக்கு வருவோம். மேரி ஸ்ருவட் 1587இல் கொலைக்களம் புகுந்த காலத்தில், வன்னிக்கு அயலேயுள்ள மன்னார்த் தீவில் போர்த்துக்கேயரின் காப்பில் ஒரு சிறுமி வளர்ந்துகொண்டிருந்தாள். கண்டி அரசன் கரலியத்த பண்டாரனின் மகளாகிய குசுமாசன தேவி அவள். சீதாவாக்கை இராசசிங்கன் கண்டியைக் கைப்பற்றியபோது தந்தை குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் ஓடி, அங்கே அம்மைநோயால் மாண்டான். அநாதையான மகளைப் போர்த்துக்கேயர் ஏற்று, திருமுழுக்களித்துத் தோன கதரீனா எனப் பெயரிட்டனர்.

1594இல் தளபதி பேரோ லோபஸ் டி சூசா பெரும் படையுடன் அவளைக் கண்டிக்குக் கொண்டு சென்று முடிசூட்டினான். போர்த்துக்கேயர் அவளைத் தம் காவலுக்குள் அடைத்து வைத்திருந்ததும், அவளைப் போர்த்துக்கேயன் ஒருவனுக்கே மணமுடிக்க எண்ணியதும் மக்களுக்கு வெறுப்பை ஊட்டின. அவ்வாண்டு ஒக்ரோபரில் தந்துறையில் அப்படை அழிந்தது. சூசாவும் உயிர் நீத்தான். வென்றவனாகிய கொனப்பு பண்டாரன் அரசியைக் கைப்பற்றி மணந்து, விமலதர்மசூரியன் என்னும் பெயரோடு அரசனானான். 1604இல் அவன் இறக்க, துறவாடையைக் களைந்து வந்த செனரத் அவளை மணந்து அரசேறினான். 1613இல் அவள் காலமானாள்.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு அவளை விட்டுவிடுகின்றன. பிறர் நகர்த்திய காய் என்பதே அவளைப் பற்றிய பொதுக் கருத்து. அவள் தன் விருப்பின்படி மணம் செய்துகொண்டவள் அல்லள் என்பது உண்மையே. ஆனால் அவளை மணந்த இருவரும் ஏன் மணந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொனப்பு பண்டாரனிடம் வாள் இருந்தது, படை இருந்தது, வெற்றியும் இருந்தது. இல்லாதது கண்டி முடிக்குரிய வழியுரிமை. அது அவளிடத்தில் இருந்தது. செனரத்தின் நிலையும் அத்தகையதே. சதுரங்கத்தில் காலாள் ஒன்று போனால் ஆட்டம் முடிவதில்லை. இவளை இழந்த அன்றே கண்டியில் போர்த்துக்கேயரின் ஆட்டம் முடிந்தது. அவள் மகன் இரண்டாம் இராசசிங்கனே 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து, 1658அளவில் போர்த்துக்கேயர் இத்தீவைவிட்டு முற்றாக நீங்குவதற்கு வழி செய்தவன். அவன் வழியினரே 1739இல் நரேந்திரசிங்கன் இறக்கும்வரை கண்டியை ஆண்டனர். காய் என்று எண்ணப்பட்டவளின் குருதியில் ஓர் அரசு நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது.

அவளைப் பற்றி எழுதிய அந்நியருள் போர்த்துக்கேயருக்கு அவள் கைநழுவிய கிறித்தவள். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த ஒல்லாந்த மதகுரு பால்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் அவளது இறுதிக் காலத்தை மனவேதனை நிறைந்ததாகத் தீட்டினார். அப்போது அவள் இறந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவளை நேரிற் கண்டவர் ஒருவர் உளர். 1602இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி சென்ற ஒல்லாந்தக் கடற்றலைவர் ஸ்பில்பேர்கனை விமலதர்மசூரியன் அரசியின் அறைக்கே அழைத்துச் சென்றான். அங்கே அவளும் பிள்ளைகளும் ஐரோப்பிய முறையில் உடையணிந்து அமர்ந்திருந்தனர். ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்ட வருவாராயின் தானும் அரசியும் பிள்ளைகளும் தோளில் கல்லும் சுண்ணமும் சுமப்போம் என்று அரசன் கூறியதாகவும் அப்பயணக் குறிப்புச் சொல்கின்றது. தலதா மாளிகை அமைத்துப் பௌத்தத்தைப் பேணிய அரசனின் அரண்மனையில், சிறைபிடிக்கப்பட்டு எட்டாண்டுகளுக்குப் பின்னும், அவள் மன்னாரில் பழகிய கோலத்தை விடவில்லை. வெறுங் காய்க்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பதில்லை.

இந்தக் கண்ணோடு தெனன்ற் எழுதிய வாக்கியத்தை மீண்டும் பார்த்தல் தகும். அவர் ஆங்கில அரசாங்கத்தின் குடியேற்றச் செயலாளராய் இங்கு இருந்தவர். ஒல்லாந்தருக்கு இடர் தந்த ஒருத்தியைப் பாராட்டுவதால் ஆங்கிலேயருக்கு நட்டம் எதுவுமில்லை. இருபது ஆண்டு கழித்துத் தம்மையே எதிர்த்த பண்டாரவன்னியனை அவர்கள் வீரன் என்றா எழுதினார்கள்? ஒல்லாந்தருக்கோ வன்னி என்பது முதலில் ஒரு யானைக் கணக்கு. வன்னியர் ஆண்டுதோறும் யானைகளைத் திறையாக அளித்தல் வேண்டும். அவை ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் சென்று இந்திய வணிகருக்கு விலைப்படும். திறை குறைந்தால் அது கலகம். ஆகவே அவர்கள் ஏட்டில் ஒருத்தி கலகக்காரி எனப்படின், அவள் யானை கொடுக்க மறுத்தவள் என்றே பெரும்பாலும் பொருள்கொள்ளலாம்.

'மரியா' என்னும் முற்பெயரைக் கொண்டு அவளை அந்நியர் சார்பினள் எனக் கருதுதலும் பொருந்தாது. பனங்காமத்து வன்னியர் 'தொன்' என்னும் போர்த்துக்கேயப் பட்டத்தைத் தம் தமிழ்ப் பெயருக்கு முன் சூடியிருந்தனர். அதனால் அவர்தம் காடும் கோயிலும் மாறிவிடவில்லை. 'செம்பாத்தே' என்பதும் ஒல்லாந்தர் செவியில் விழுந்து ஆங்கிலேயர் எழுத்தில் பதிந்த வடிவம். இனி, 'வன்னிச்சி' என்னும் சொல் வன்னியனின் மனைவியையும் குறிக்கும், ஆட்சிபுரியும் தலைவியையும் குறிக்கும். மனைவி என்ற அளவில் மட்டும் அவள் இருந்திருப்பின், காசுக்குக் கணக்குப் பார்க்கும் அக்கும்பனியார் அவளைக் கொழும்புவரை கொண்டுசென்று காவலும் சோறும் இட்டு வைத்திரார்.

1784இல் லெப்டினன் நாகல் வன்னியின் ஆட்சியை ஏற்றான். 1796இல் ஒல்லாந்தரும் போயினர். அவளை அடைத்து வைத்த கோட்டையின் மதில்களை ஆங்கிலேயரே 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடித்துத் தள்ளினர். இன்று கோட்டை என்றால் வன்னி மக்களுக்கு அது ஒரு புகையிரத நிலையம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வண்டி ஏறுவோர் அங்கே சென்று இறங்குகின்றனர்.