மரபுத்தொடரும் பொருள் முரணும்: ஈழத்து, தமிழக வழக்குகள் பற்றி ஒரு நோக்கு

ஒரே மொழியைப் பேசும் இரு சமூகத்தார் ஒரே தொடரை எதிரெதிர்ப் பொருளில் வழங்குதல் மொழியியலாளர் நன்கறிந்த செய்தியாகும். ஆங்கிலத்தில் ஒரு பிரேரணையை 'மேசைமீது வைத்தல்' பிரித்தானியருக்கு அதனை விவாதத்துக்கு எடுத்தல், அமெரிக்கருக்கோ ஒத்திப்போடுதல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரு நாட்டுப் படைத்துறை அதிகாரிகளும் இத்தொடர் காரணமாக நெடுநேரம் வாதிட்டு, ஈற்றில் தாம் வேண்டியது ஒன்றே என உணர்ந்தனர் என்று சேர்ச்சில் தமது போர் வரலாற்றில் எழுதியுள்ளார். நமது பாராளுமன்றத்தின் 'சபாபீடத்தில் சமர்ப்பித்தல்' பிரித்தானிய மரபின் வழிவந்ததே.

தமிழிலும் இந்நிலை உண்டு. 'வினை கெடுதல்' என்பதே பேச்சில் மருவி யாழ்ப்பாணத்தில் 'மினக்கெடுதல்' எனவும் தமிழகத்தில் 'மெனக்கெடுதல்' எனவும் வழங்குகின்றது. தன் வேலை கெட நிற்றல் என்பது அடிப்படைப் பொருள். யாழ்ப்பாணத்தார் வேலை கெட்டதையே நோக்கினர். ஆகவே 'மினக்கெடாமல் வா' என்பது காலத்தை வீணாக்காதே என்னும் கண்டிப்பு. தமிழகத்தார், தன் வேலை கெடவும் பிறிதொன்றுக்காக உழைத்தமையை நோக்கினர். ஆகவே 'மெனக்கெட்டுச் செய்தார்' என்பது அங்கு பாராட்டு. 'வேலை மெனக்கெட்டு வந்தேன்' எனச் சலித்துக்கொள்ளும்போது மட்டும் பழைய பொருள் அங்கும் தலைகாட்டும்.

வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து வழக்கு மேலோங்கியிருக்க, கொட்டாஞ்சேனையில் அதனோடு இந்திய வம்சாவளியினரின் வழக்கும் அருகருகே ஒலிக்கக் கேட்கலாம். ஆசிரியர் 'பேசினார்' என்று மாணவன் ஒருவன் கூறின், முன்னவர் அவன் ஏச்சு வாங்கினான் என்பர். பின்னவர் ஆசிரியர் உரையாற்றினார் என்பர். யாழ்ப்பாணத்தில் உரையாடுதல் 'கதைத்தல்'. தமிழகத்தில் கதை விடுபவன் பொய்யன்.

இவை நகைப்புக்குரியனவாகத் தோன்றலாம். ஆயின் 1983க்குப் பின் தமிழகத்தில் தஞ்சமடைந்த ஒருவர் அங்குள்ள வைத்தியரிடம் 'சத்தி வருகுது' என்று முறையிடின், வாந்தி என்னாது வலிமை என்றே அவர் கொள்ளக்கூடும். வடமொழிச் 'சர்தி'யின் வழிவந்த இச்சொல் அகராதியில் உண்டு. தமிழகப் பொதுப்பேச்சில் இல்லை.

1960களின் முற்பகுதியில் இங்கு நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில் பேச்சுவழக்கு 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டது. முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றனர். ஆயினும் ஒரு வினா எஞ்சியுள்ளது. தமிழகத்து வாசகர் ஈழத்துக் கதைக்குச் சொல்விளக்கம் கேட்கின்றனர். தமிழகக் கதைக்கு நாம் அதனைக் கேட்பதில்லை. சஞ்சிகைகளும் திரைப்படங்களும் அவ்வழக்கை நமக்குப் பழக்கிவிட்டன. இதிலே தெரிவது சந்தையின் பருமனேயன்றி மொழியின் தகுதியன்று.

அன்றியும், அறியாத சொல்லுக்கே அடிக்குறிப்பு எழுதப்படுகின்றது; அறிந்ததுபோல் தோன்றும் சொல்லே வாசகனை ஏமாற்றுகின்றது. பதிப்பாசிரியர் 'கெதியாக' என்பதற்கு 'விரைவாக' எனக் குறிப்பெழுதுவார். 'ஆறுதலாக வந்தான்' என்பதை அப்படியே விட்டுவிடுவார். அவசரமின்றி வந்த யாழ்ப்பாணத்தான், தமிழக வாசகனுக்குத் துயரந் தேறி வந்தவனாகிவிடுகின்றான்.