இரண்டு நிமிட விமானப் பயணம்

விமானப் பயணம் என்றாலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஐரோப்பாவின் ஒரு மூலையில் ஓர் இருக்கையில் அமர்ந்து, மூச்சு விடுவதற்குள் இறங்கிவிடும் பயணம் ஒன்று உண்டு என்று பேராசிரியர் வகுப்பில் சொன்னபோது, நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ளது ஆர்க்னித் தீவுக்கூட்டம். அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்பவை அடுத்தடுத்த இரு தீவுகள். இவற்றின் விமானத் தளங்களிடையே லோகன் ஏர் நிறுவனம் 1967-ஆம் ஆண்டு விமானம் விடத் தொடங்கியது. உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானப் பாதை இதுதான்.

தூரம் எவ்வளவு? நாமே கணக்கிடலாம். இரு தளங்களும் ஏறத்தாழ ஒரே அட்ச ரேகையில், 59 பாகைக்குச் சற்று வடக்கே உள்ளன. தீர்க்க ரேகையில் மட்டும் ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு வேறுபாடு. பூமத்திய ரேகையில் ஒரு பாகை 111 கிலோமீட்டர். வடக்கே செல்லச் செல்லத் தீர்க்க ரேகைகள் நெருங்குகின்றன. 60 பாகையின் கொசைன் மதிப்பு அரை அல்லவா? ஆகவே அங்கே ஒரு பாகை ஏறக்குறைய 56 கிலோமீட்டர்தான். அதில் இருபதில் ஒரு பங்கு 2.8 கிலோமீட்டர். பள்ளியில் மனப்பாடம் செய்த கொசைனுக்கு இப்படியும் ஒரு பயன்!

நேரம் எவ்வளவு? ஓடுபாதையில் ஊர்வது உட்படச் சுமார் 2 நிமிடம். மிக விரைவாகப் பறந்து முடித்த நேரம் 53 விநாடி. அதாவது மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகம். தூரம் மாறாதபோது நேரம் ஏன் மாறுகிறது? காரணம் காற்று. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். காற்றின் திசை ஒத்துவராவிட்டால் வளைந்து சுற்றி வரவேண்டும். ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்ற சூத்திரம் மட்டும் போதாது.

"கூப்பிடு தூரத்துக்கு விமானமா?" என்று கேட்டேன். பேராசிரியர் திருப்பிக் கேட்டார்: "நடுவில் இருப்பது என்ன?"

நடுவில் இருப்பது கடல். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்ந்தவர்கள் 90 பேர். மருத்துவரும் ஆசிரியரும் வந்துபோக வேண்டும். நோயாளி வெளியே செல்ல வேண்டும். படகு உண்டு, ஆனால் கடல் கொந்தளித்தால் அந்த 2.8 கிலோமீட்டர் கடக்க முடியாத தூரமாகிவிடும். சில பயணிகளே அமரக்கூடிய ஐலண்டர் என்னும் சிறு விமானம் அந்த இடைவெளியைத் தைக்கும் ஊசியாக இருக்கிறது.

நான் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். இரு ஊர்களின் இடைவெளியைக் கிலோமீட்டரால் அளக்கலாம். அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை, அங்கே காத்து நிற்பவரைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.