ஆயில் ஃபில்டரும் நம்ம மண்ணும்

வங்கியில் இருந்தவரை அடுத்தவர் கணக்கைப் பார்த்தேன். இப்போ என் டீசல் வண்டிக் கணக்கைப் பார்க்கிறேன். ராஜபாளையத்திலிருந்து மாங்காயும் தேங்காயும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏற்றிப்போகும் பழைய வண்டி அது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ஒரு காகித ஃபில்டர் குப்பைக்குப் போச்சு. லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து, கழுவிப் பயன்படுத்தும் ஸ்டீல் வலை ஃபில்டர் மாட்டினேன்.

மாட்டுமுன் மூணு விஷயம் பாருங்க. மரை அளவும் ரப்பர் வாஷரும் சரியாகப் பொருந்தணும். வலையின் மைக்ரான் அளவு பழைய ஃபில்டருக்கு இணையா இருக்கணும். அடைப்பு வந்தாலும் எஞ்சினுக்கு ஆயில் போக பைபாஸ் வால்வு வேணும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் விளக்கு அணையுதா, கசிவு இருக்கான்னு கவனிங்க.

டீசல் கரி பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் நுண்ணியது, வலையில் நிற்காது. அதனால ஃபில்டரைக் கழுவிக்கிட்டாலும் ஆயிலைக் கெடு தவறாம மாத்தணும்.

முதல்முறை, ஃபில்டர் கழுவின டீசலை வரப்பில் ஊற்றிட்டேன். புல் கருகிப்போச்சு. பஞ்சகவ்யம் தெளிக்கிற கை செய்த தப்பு! 2016 விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. இப்போ ரெண்டையும் கேனில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கே கொடுக்கிறேன். ஃபில்டரில் மிச்சம் பிடிச்சு மண்ணில் நட்டப்படலாமா?