கீழே விழுந்த கார்டுக் கட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவர் வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமே இருக்காது. பால் கணக்கு, சலவைக் கணக்கு, மளிகைச் சீட்டு எல்லாம் பஞ்ச் கார்டின் முதுகில்தான். பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டு, லைன் பிரிண்டர் தாளின் பின்பக்கம். டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் அந்தக் கார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்துச் சிரிப்பும் பதற்றமும் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவைதான்.

ஏழேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான நீளம், மூன்றேகால் அங்குல அகலம். குறுக்காக 12 வரிசை, நெடுக்காக 80 வரிசை. ஐபிஎம் இந்த 80 இடக் கார்டைக் கொண்டுவந்தது 1928-இல். ஓர் இடத்தில் ஓர் எழுத்து. எண்ணாக இருந்தால் ஒரே துளை: 5 என்றால் ஐந்தாம் வரிசையில். ஆங்கில எழுத்துக்கு இரண்டு துளை: ‘ஏ’ என்றால் உச்சி வரிசையில் ஒன்று, 1-ஆம் வரிசையில் ஒன்று. கார்டை வெளிச்சத்தில் பிடித்து, துளையை மட்டும் பார்த்தே கடகடவென்று படித்துவிடும் ஆபரேட்டர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு பாடம்.

இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோ 3 எம்பி என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு ஒரு பைட்டு என்று கணக்கிட்டால் அதற்கு 37,500 கார்டு வேண்டும். 2,000 கார்டு கொண்ட பெட்டிகளில் பத்தொன்பது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மாடி வீட்டின் உயரம் வந்துவிடும். ஒரே ஒரு போட்டோவுக்கு!

புரோகிராமின் ஒவ்வொரு வரியும் தனிக் கார்டு. நூற்றுக்கணக்கான கார்டுகளைக் கட்டாக அடுக்கி, கவுண்டரில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள்தான் விடை. ஒரு மழைநாளில், நண்பர் ஒருவர் இரண்டு கையிலும் ட்ரேயை ஏந்தியபடி படியேறிக்கொண்டிருந்தார். ஈரப் படியில் கால் வழுக்கியது. அவருக்கு அடி இல்லை. ஆனால் கார்டுகள் மூன்று படிக்கட்டு அளவுக்குப் பரவிக் கிடந்தன. கேண்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட உட்கார்ந்து பொறுக்கினார்கள். எல்லோரும் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “நம்பர் அடிச்சிருக்கீங்களா சார்?”

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஃபோர்ட்ரான், கோபால் என்ற புரோகிராம் மொழிகள் ஒரு கார்டில் 72-ஆம் இடம் வரைதான் படிக்கும். ஃபோர்ட்ரான் 1957-இல் ஐபிஎம் 704 என்ற இயந்திரத்துக்காக வந்தது. அந்த இயந்திரத்தில் ஒரு சொல் 36 பிட். கார்டு ரீடர் ஒரு வரிசையை இரண்டு சொல்லாக எடுத்துக்கொள்ளும், ஆக 72. மிச்சமிருந்த எட்டு இடம், 73 முதல் 80 வரை, நமக்கு. அதில் வரிசை எண் அடித்துக்கொள்ளலாம். அனுபவசாலிகள் 10, 20, 30 என்று பத்துப்பத்தாக அடிப்பார்கள். நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தால் 15 என்று செருகலாம்.

நண்பர் நம்பர் அடித்திருந்தார். கட்டு சார்ட்டர் இயந்திரத்துக்குப் போனது. அது ஒரு தடவைக்கு ஓர் இடத்தை மட்டும் பார்த்து, அங்கே உள்ள இலக்கத்தின்படி கார்டை அதற்குரிய தட்டில் தள்ளும். இங்கே புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். நூறுகளில் தொடங்குவதுதானே இயல்பு? இல்லை, ஒன்றுகளில் தொடங்க வேண்டும். கடைசி இலக்கத்தின்படி பிரித்து, தட்டுகளை 0 முதல் 9 வரை அதே ஒழுங்கில் ஒன்றுசேர்த்து, அடுத்துப் பத்துகளின்படி ஓட்டுகிறீர்கள். 31-உம் 37-உம் இப்போது ஒரே தட்டில் விழும். ஆனால் முதல் ஓட்டத்திலேயே 31 முந்திவிட்டதால், இங்கும் முன்னாலேயே விழும். மூன்று இலக்க எண்ணுக்கு மூன்று ஓட்டம், கட்டு பழையபடி. இன்றைய பாடப்புத்தகத்தில் ரேடிக்ஸ் சார்ட் என்று படிப்பது இதைத்தான். அது கையில் கார்டோடு வளர்ந்த முறை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆசை.

நம்பர் அடிக்க நேரமில்லாதவர்கள் கட்டின் மேல்விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கலைந்தால், கோடு மறுபடி நேராகச் சேரும்வரை அடுக்க வேண்டியதுதான்.

குறும்புகளும் உண்டு. கார்டின் 960 இடத்திலும் துளை போட்டால் அது வலைபோல ஆகிவிடும். விறைப்பு போய் ரீடருக்குள் கசங்கிச் சிக்கிக்கொள்ளும். லேஸ் கார்டு என்று பெயர். யாராவது செய்தால் ஆபரேட்டருக்கு அரை மணி நேர வேலை, செய்தவருக்கு ஒரு வார வசை. ஒரு நண்பரின் கல்யாணத்தில் அட்சதையோடு தூவலாமென்று துளைத் துணுக்குகளை ஒரு பை நிறையக் கட்டி வைத்தோம். மூத்த ஆபரேட்டர் பையைப் பிடுங்கிக்கொண்டார். முனை கூரானது, கண்ணில் பட்டால் விடாது என்றார். சரியாகத்தான் சொன்னார்.

கார்டு போய்விட்டது, 80 போகவில்லை. 1971-இல் வந்த ஐபிஎம் 3270 திரையிலும் 1978-இல் வந்த விடி100 திரையிலும் வரிக்கு 80 எழுத்து. பைத்தான் மொழியின் எழுத்து நடை விதி இன்றும் ஒரு வரியை 79-க்குள் நிறுத்தச் சொல்கிறது. காரணம், 80 அகலமுள்ள ஜன்னலில் வரி மடியக் கூடாது.

எண்பதுக்குள் எல்லாவற்றையும் அடக்கியதில் நெருக்கடியும் வந்தது. ஒரு ஊழியருக்கு ஒரு சம்பளக் கார்டு: எண், பெயர், அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பிஎஃப். அதற்குமேல் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, இன்கிரிமென்ட் தேதி. 1972 என்பதை 72 என்று எழுதினால் மூன்று தேதியிலுமாக ஆறு இடம் மிச்சம். அப்போது அது நல்ல சிக்கனம். கார்டிலிருந்து டேப்புக்கும் டிஸ்க்குக்கும் போனபோதும் அதே வடிவம் கூடவே போனது. 2000 நெருங்கியதும், 00 என்றால் 1900-ஆ 2000-ஆ என்ற குழப்பத்தைச் சரிசெய்ய, ஓய்வு பெற்ற கோபால்காரர்களைத் தேடி ஆள் வந்தது. சென்னையில் தெருவுக்குத் தெரு கோபால் வகுப்பு முளைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த குடும்பங்கள் பல.

1999 டிசம்பர் 31 அன்று நாங்கள் ஃபிளாஸ்க் நிறையத் தேநீரோடு அலுவலகத்தில்தான் இருந்தோம். நம் மாலை நாலரைக்கு நியூசிலாந்தில் புத்தாண்டு பிறந்தது. விளக்கெல்லாம் எரிகிறது என்று செய்தி வந்ததும் பாதிப் பேர் முகம் தெளிந்தது. நள்ளிரவு தாண்டி, சோதனைச் சம்பளப் பட்டியலில் தேதி சரியாக அச்சானதும் கைதட்டல், கேக். ஆனாலும் மேலாளர் யாரையும் விடுவிக்கவில்லை. நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு அல்ல, 2000 போல நானூறால் வகுபட்டால் லீப் ஆண்டு. இதில் முதல் பாதியை மட்டும் தெரிந்துகொண்டு எழுதிய புரோகிராம்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அப்போது தேடி முடித்திருக்கவில்லை. பிப்ரவரி 29 வரை யாருக்கும் லீவு கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்.