திறந்தவெளி மருத்துவ முகாம்களில் புகைபிடிக்கலாமா?

நெல்லிக்குப்பத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பள்ளி மைதானத்தில் பந்தல் போடப்பட்டிருக்கும். ஒலிபெருக்கி பெயர்களை அழைத்துக்கொண்டிருக்கும். இலவசக் கண் பரிசோதனைக்கோ இரத்ததானத்துக்கோ சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கோ மக்கள் வரிசையில் நிற்பர். அவ்வரிசையில் நுரையீரல் நோயுற்ற முதியவர் ஒருவர் பேரனின் தோளைப் பற்றியவாறு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் நிற்பவர் பீடியைப் பற்றவைக்கிறார். முதியவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விலகிச் சென்றால் வரிசையில் இடம் போய்விடும். எனவே அங்கேயே நின்று இருமுகிறார். பேரன் தயங்கித் தயங்கி முன்னவரிடம் வேண்டுகிறான். கிடைக்கும் மறுமொழி நாம் அனைவரும் கேட்டறிந்ததே: “வெட்டவெளிதானே தம்பி, காற்று கொண்டுபோய்விடும்.”

இம்மறுமொழி சரியானதா? காற்று உண்மையிலேயே புகையைக் கொண்டுபோய்விடுகிறதா? சட்டம் என்ன சொல்கிறது? நோயாளியும் குடும்பத்தாரும் என்ன செய்யலாம்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

காற்று எவ்வளவு தொலைவில் காப்பாற்றும்?

திறந்தவெளியில் புகை விரைவில் கலைந்துவிடும் என்பது ஓரளவுக்கு உண்மையே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்தவெளியில் சிகரெட் புகையின் நுண்துகள்களை அளந்து 2007-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். புகைபிடிப்பவரிடமிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு அப்பால் துகள்களின் அளவு வெகுவாகக் குறைந்தது. சிகரெட்டை அணைத்ததும் அவை விரைவில் மறைந்தன. ஆனால், ஏறத்தாழ அரை மீட்டர் தொலைவில், காற்று வீசும் திசையில் இருப்பவர் சுவாசிக்கும் புகை, மூடிய அறைக்குள் இருப்பவர் சுவாசிக்கும் புகைக்கு ஒப்பாக இருக்கக்கூடும் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

முகாம் வரிசையில் இருவருக்கு இடையே எத்தனை மீட்டர் இடைவெளி இருக்கிறது? பெரும்பாலும் ஒரு கை நீளம்கூட இராது. பந்தலின் மூன்று பக்கங்களிலும் துணி கட்டியிருந்தால் அது திறந்தவெளி என்னும் தன்மையையும் இழந்துவிடுகிறது. ஆகவே, வெட்டவெளி என்பது தனியே நிற்பவருக்குப் பொருந்தும் வாதம். நெருங்கி நிற்கும் கூட்டத்துக்கு அது பொருந்தாது.

காற்றின் திசையும் நம் பகுதியில் நிலையானதன்று. கோடையில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் கிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. காலையில் பந்தலுக்குப் புகை வராத மூலையென்று ஒதுக்கிய இடத்திலிருந்தே பிற்பகலில் புகை நேராகப் பந்தலுக்குள் வரக்கூடும்.

நோயுற்றவருக்கு அது ஏன் பெரிதாகிறது?

நலமாக இருப்பவர் சில நொடிகள் முகம் சுளித்துவிட்டு மறந்துவிடும் புகை, நோயுற்றவருக்கு வேறு விதமானது. மருத்துவ முகாம் என்பது நோயுற்றவர்களையே தேடி அழைத்து ஓரிடத்தில் கூட்டுவது. எனவேதான் இங்கு இக்கேள்வி கூடுதல் எடை பெறுகிறது.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்கள் புகைபட்டவுடன் சுருங்கக்கூடும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு ஒரு முறை தொடங்கும் இருமல் மூச்சுத்திணறலாக முற்றக்கூடும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைவது. இதய இரத்தக்குழாய் அடைப்புள்ளவரின் உடல் ஏற்கெனவே போதாத ஆக்சிஜனில் மேலும் ஒரு பங்கை இழக்கிறது. கீமோதெரபி பெற்றுவருபவருக்குப் புகையின் வாடையே குமட்டலைத் தூண்டிவிடலாம். கருவுற்ற தாய்மாரும் கைக்குழந்தைகளும் இதே வரிசையில்தான் நிற்கின்றனர்.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பிறர் விடும் புகையில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவரின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை முடிவு கூறியது.

இவை அனைத்தினும் உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டருடன் வாழும் நோயாளிகள் சிலர் அச்சிலிண்டருடனேயே முகாமுக்கு வருகின்றனர். ஆக்சிஜன் தானாக எரிவதன்று. ஆனால் எரியும் எதனையும் மிகக் கடுமையாக எரியச் செய்வது. மூக்கில் குழாய் பொருத்தியவரின் உடையிலும் போர்வையிலும் ஆக்சிஜன் தங்கியிருக்கும். அவரருகே விழும் ஒரு தீப்பொறி பெருந்தீக்காயத்தை விளைவிக்கும். மேலே துணிப்பந்தல், பக்கத்தில் ஜெனரேட்டருக்கான டீசல். இங்கே பீடி நெருப்பு என்பது நாகரிகம் பற்றிய கேள்வியன்று, உயிர் பற்றியது.

சட்டம் எங்கே பேசுகிறது, எங்கே நின்றுவிடுகிறது?

முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், பொதுப் போக்குவரத்து முதலிய பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. பிறர் விடும் புகையால் புகைபிடிக்காதவரின் உயிர்வாழும் உரிமை பாதிக்கப்படலாகாது என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் நான்காம் பிரிவு அத்தடையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

ஆனால், அச்சட்டம் பொது இடம் எது என விளக்கும்போது திறந்தவெளியை விலக்கியே வைத்தது. அவ்விடைவெளியை 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதிகள் ஓரளவு நிரப்பின. திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், இரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்று மக்கள் வந்துகூடும் இடங்கள் ‘திறந்தவெளி’ என்னும் விலக்கைப் பெறமாட்டா என அவ்விதிகள் தெளிவுபடுத்தின. பொது இடத்தின் பொறுப்பாளர் நுழைவாயிலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும்; அங்கே சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்றவை இருக்கலாகாது என்றும் அவை கூறுகின்றன.

ஆகவே, பள்ளி வளாகத்திலோ மருத்துவமனை வளாகத்திலோ திருமண மண்டபத்திலோ நடைபெறும் முகாமில் புகைபிடிக்கலாகாது என வேண்டுவோர் சட்டத்தின் துணையோடுதான் வேண்டுகின்றனர். கடலூர் வெள்ளிக் கடற்கரை போன்ற மணற்பரப்பிலோ சாலையிலோ நடைபெறும் விழிப்புணர்வு நடைப்பயணத்தில் சட்டத்தின் குரல் அவ்வளவு தெளிவாக இல்லை. அங்கே பேசவேண்டியவர் நிகழ்ச்சியை நடத்துபவர். தம் நிகழ்ச்சிக்கு உரிய நெறியை வகுத்துக்கொள்ள அவருக்கு எத்தடையும் இல்லை. நுரையீரல் நோயாளிகளுக்காக நிதி திரட்டும் நடைப்பயணத்தில் அந்நோயாளிகளே பின்வரிசையில் புகையைச் சுவாசித்துக்கொண்டு நடக்கும்படி ஆகலாகாது என்பதற்குத் தனிச் சட்டமும் தேவையில்லை.

புகைபிடிப்பவர் வராமலே போய்விட்டால்?

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம் ஒன்றும் பொருட்படுத்தத் தக்கது. 2016–17-ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்திய வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர், 10.7 விழுக்காட்டினர் புகைபிடிப்பவர்கள். வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனையும் நுரையீரல் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் எவருக்கு மிகுதியும் தேவை? அவர்களுக்கே. கடுமொழி கூறி விரட்டினால் அவர்கள் அடுத்த முகாமுக்கு வரமாட்டார்கள். இழப்பு அவர்களோடு நில்லாது, அவர்தம் குடும்பத்துக்கும் சேரும்.

நிகோடினுக்குப் பழகிய உடல் சில மணிநேரம் அது கிடைக்காவிடில் அமைதியிழக்கும். அது மனவலிமைக் குறைவன்று. மூளையில் நிகழும் மாற்றம். மூன்று மணிநேரம் வரிசையில் நிற்பவர் வெளியே சென்றால் இடம் போய்விடுமே என்ற அச்சத்தால்தான் நின்ற இடத்திலேயே பற்றவைக்கிறார். அவருக்கும் அம்முதியவருக்கும் ஒரே நெருக்கடிதான்: இருவராலும் வரிசையை விட்டு விலக இயலவில்லை.

எனவே, தடை புகைக்கு இருக்கட்டும், மனிதருக்கு வேண்டா. நேரம் குறித்த டோக்கன் வழங்கினால் எவரும் இடத்தை இழக்காமல் வெளியே சென்றுவரலாம். வளாகத்துக்கு வெளியே, நுழைவாயிலிலிருந்தும் பந்தலிலிருந்தும் நன்கு தள்ளி அவர்கள் செல்லட்டும். பதிவு மேசையில் பெயரும் வயதும் கேட்கும்போதே புகையிலைப் பழக்கத்தையும் கனிவோடு கேட்டு, விட விரும்புவோரை ஆலோசகரிடம் அனுப்பலாம். முகாமின் நாளில் அவர் பெறும் மிகப் பெரிய பயன் அதுவாகவே அமையக்கூடும்.

நோயாளியும் குடும்பத்தாரும் செய்யத்தக்கவை

முதலாவது, மூச்சு நோயோ இதய நோயோ உள்ளவர் பதிவு செய்யும்போதே அதனைத் தெரிவித்து, அமர்ந்து காத்திருக்க இடம் கேட்கவேண்டும். ஆஸ்துமா உள்ளவர் தம் இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். ஆக்சிஜனுடன் வருபவர் அருகில் எவரும் நெருப்புப் பற்றவைக்காதவாறு உடன் வருபவர் கண்காணிக்கவேண்டும்.

இரண்டாவது, அருகில் ஒருவர் புகைத்தால் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதைவிட நோயாளியைச் சுட்டிச் சொல்வதே பெரும்பாலும் பயன் தரும். “ஐயா, என் தாத்தாவுக்கு மூச்சுத்திணறல் இருக்கிறது. சற்றுத் தள்ளிப்போய் வருகிறீர்களா? உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.” இறுதிச் சொற்றொடரே இதில் முக்கியமானது. அதன் பின்னும் அவர் இசையாவிடில் வாக்குவாதம் வேண்டா. தொண்டர்களிடமோ பொறுப்பாளரிடமோ தெரிவியுங்கள்.

மூன்றாவது, இரத்ததானம் செய்தவர் அதன்பின் ஓரிரு மணிநேரமாவது புகைபிடிக்கலாகாது. தலைசுற்றி விழ நேரிடலாம்.

நான்காவது, பீடி சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்று எண்ணவேண்டா. அது அணையாதிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்கவேண்டியிருக்கிறது. மின்-சிகரெட்டை மாற்றாகக் கருதுவதும் பொருந்தாது; இந்தியாவில் அதன் உற்பத்தியும் விற்பனையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன.

உங்கள் வீட்டிலேயே புகைபிடிப்பவர் இருந்தால்

பல குடும்பங்களில் நோயாளியை அழைத்து வருபவரே புகைபிடிப்பவராக இருக்கிறார். இரவெல்லாம் தந்தையின் படுக்கையருகே விழித்திருந்த மகன், விடியலில் வெளியே சென்று ஒரு சிகரெட் பிடிக்கிறார். கவலையும் களைப்பும் அவரை அங்கே அழைத்துச் செல்கின்றன. அவரைக் குற்றவாளியாக்குவதில் எவருக்கும் பயனில்லை. ஆனால், புகைத்தவரின் மூச்சிலும் உடையிலும் புகை சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆகவே, சில நிமிடங்கள் வெளியிலேயே நின்று, கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்த பின் நோயாளியிடமோ குழந்தையிடமோ செல்வது அவர் உடனே செய்யத்தக்க உதவி.

விட்டுவிட விரும்பினால் அதற்கு வழி உண்டு. புகைக்கும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களே உச்சத்தில் நிற்கும். அந்நேரத்தில் தண்ணீர் அருந்துவதும் சற்று நடப்பதும் எவரிடமாவது பேசுவதும் அதனைக் கடக்க உதவும். நிகோடின் சூயிங்கம் போன்ற மாற்று மருந்துகளை மருத்துவரின் அறிவுரையோடு பயன்படுத்தலாம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணான 1800-11-2356-ஐக் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம். சிகரெட், பீடி உறைகளின் மீதும் அவ்வெண் அச்சிடப்பட்டுள்ளது. விட்ட ஓராண்டில் இதய நோயின் கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

அடுத்த முறை முகாமுக்குச் செல்லும்போது வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவரை ஒருமுறை பாருங்கள். அவர் எந்நோயோடு வந்திருக்கிறார் என்பது முகத்தில் எழுதியிராது. அது தெரியாது என்பதே தீப்பெட்டியைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கப் போதுமான காரணம்.