லைட் சிமிட்டினால் தொழிற்சாலை ஏன் நிற்கிறது? பாயான் லெப்பாஸ் மெஷின்களின் 'மூளை'யைக் காப்பது எப்படி?

மாலை மழை. எங்கோ தூரத்தில் ஓர் இடி. ஜார்ஜ் டவுனில் வீட்டு லைட் ஒருமுறை சிமிட்டிவிட்டு மறுபடியும் சரியாக எரிகிறது. "கரண்ட் போகலையே" என்று நாம் டிவி பக்கம் திரும்பிவிடுவோம். ஆனால் அதே நொடியில் தீவின் தென்கிழக்கே, பாயான் லெப்பாஸில், ஓர் உற்பத்தி வரிசையே நின்றுபோயிருக்கலாம்.

1972-இல் தொடங்கப்பட்டது அந்தத் தொழிற்பேட்டை. இன்டெல் நிறுவனம் பினாங்கில் கால் வைத்ததும் அதே ஆண்டில்தான். சிப் பொருத்துவது, சோதிப்பது போன்ற நுட்பமான வேலைகள் நடக்கும் இடத்தில் ஒரு சிமிட்டல் சின்ன விஷயம் இல்லை.

மெஷினுக்கு மூளை எது?

பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிதான். சென்சார்கள் சொல்வதைப் படிக்கும். மோட்டார் ஓடணுமா, வால்வு திறக்கணுமா என்று முடிவு செய்யும். சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும்.

கரண்ட் போகவில்லை, பிறகு என்ன ஆனது?

நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். தூரத்தில் ஒரு மின்கம்பியில் மின்னல் விழுந்தால், பழுதான பகுதியைப் பாதுகாப்புக் கருவிகள் துண்டிக்கும்வரை சுற்றுவட்டாரம் முழுவதும் மின்னழுத்தம் சரியும். பெரும்பாலும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம்தான். இதற்கு 'வோல்டேஜ் சேக்' என்று பெயர். இது மின்வெட்டு இல்லை, அழுத்தக் குறைவு.

பி.எல்.சி.க்குள் இருக்கும் கபாசிட்டரை வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் நின்றாலும் தொட்டியில் இருப்பது கொஞ்ச நேரம் வரும். ஆனால் இந்தத் தொட்டி ரொம்பச் சின்னது. ஏ.சி. மின்சாரத்தில் ஓடும் பி.எல்.சி. 10 மில்லி விநாடித் தடையைத் தாங்க வேண்டும் என்பதே சர்வதேசத் தரம். ஒரு சேக்கோ 100 மில்லி விநாடிகூட நீடிக்கலாம்.

பல நேரங்களில் முதலில் விழுவது பி.எல்.சி.கூட இல்லை. மோட்டாரை இயக்கும் கான்டாக்டர் பிடி விட்டுவிடும். அல்லது சென்சாருக்குப் போகும் 24 வோல்ட் சரிந்து, மூடிய கதவு 'திறந்திருக்கு' என்று தவறாகப் பதிவாகும். பி.எல்.சி.யும் அதை நம்பி மெஷினை நிறுத்திவிடும்.

0.07 விநாடியின் விலை

2010 டிசம்பர் 8 அன்று, ஜப்பானின் யொக்காய்ச்சியில் உள்ள தோஷிபா மெமரி சிப் ஆலையில் மின்னழுத்தம் வெறும் 0.07 விநாடி சரிந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சிப் விநியோகம் 20% வரை குறையக்கூடும் என்று நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

சர்ஜ் புரொடெக்டர் போதாதா?

போதாது. மின்னழுத்தம் திடீரென எகிறினால்தான் அது காப்பாற்றும். சரிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு வேண்டும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

முழுத் தொழிற்சாலைக்கும் யு.பி.எஸ். வைப்பது பெரும் செலவு. தேவையும் இல்லை. மூளைக்குப் போகும் மின்சாரம் மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான். அதை மட்டும் காத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

• உங்கள் போன் சார்ஜரில் '100–240 வோல்ட்' என்று போட்டிருக்கும், பாருங்கள். 230 பாதியாகி 115 ஆனாலும் அது வேலை செய்யும். பி.எல்.சி.க்கும் அப்படிப்பட்ட பவர் சப்ளையைத் தேர்ந்தெடுக்கலாம்.

• பவர் சப்ளையைப் பாதிச் சுமையில் ஓட்டினால், அது தாங்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

• 24 வோல்ட் பகுதிக்கு மட்டும் சிறிய யு.பி.எஸ். பொருத்தலாம். கான்டாக்டர் காயில் பிடி விடாமல் இருக்கவும் தனிக் கருவி உண்டு.

• புது மெஷின் வாங்கும்போது 'செமி எஃப்47' தரத்தைக் கேளுங்கள். மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் 0.2 விநாடியும், 70 விழுக்காடாகக் குறைந்தால் 0.5 விநாடியும் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும் என்கிறது அது.

மின்சாரம் சீரானதும்தான் ஆபத்து

நின்ற மெஷினுக்குள் சிக்கிய பொருளை எடுக்க ஒரு டெக்னீஷியன் கை விட்டிருக்கலாம். அந்த நேரத்தில் மெஷின் தானாக ஓட ஆரம்பித்தால்? அதனால்தான், மின்சாரம் சீரானாலும் ஓர் ஆள் பார்த்து, ரீசெட் பட்டனை அழுத்திய பிறகே ஆபத்தான அசைவுகள் தொடங்கும்படி மெஷினை அமைக்க வேண்டும்.

நைட் ஷிப்டில் நிற்பது உங்கள் அண்ணனோ அக்காவோ என்றால், அடுத்தமுறை லைட் சிமிட்டும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்: "உங்க மெஷின் தானா ஸ்டார்ட் ஆகுமா, ஆள் அழுத்தணுமா?" பதில் தெரியவில்லை என்றால், சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.